வாசலில் காட்டெருமை, வழியில் கரடி: மலைக்குக் குடிவந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் 22 வருடமாக இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் காட்டெருமை நிற்பதும், ராத்திரி கரடி வந்துபோன தடம் மறுநாள் ஈரமண்ணில் தெரிவதும் எங்கள் ஊரில் சாதாரணம். கீழே இருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் கோடை விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள், அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் எழுதி வைத்துவிட்டேன். இதில் பாதிப் பதில்கள், கொழுந்து பறிக்கும் அக்காக்களும் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை.

காட்டுல சாப்பாடு இல்லாமத்தான் இதுங்க ஊருக்குள்ள வருதா?

அது ஒரு காரணம்தான். இந்த மலையில் காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கோடு போட்ட மாதிரி கிடையாது. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த மலையில், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வைத்துக்கொண்டே வந்தோம். மிச்சமிருக்கும் சோலைகள் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக நிற்கின்றன. ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் விலங்கு நம் தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும். அதன் பழைய பாதையில் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

இன்னொரு காரணம் நாமே வைப்பது. குப்பைத்தொட்டியில் சோறு, கொல்லையில் கோழி, வாசலில் கட்டிப்போட்ட நாய், உதிர்ந்து கிடக்கும் கொய்யா, கோயிலில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய். தேயிலையை எதுவும் தின்பதில்லை. ஆனால் இடுப்பளவு அடர்ந்த செடி சிறுத்தைக்கும் கரடிக்கும் நல்ல மறைவு. வரும் வழியை நம்மால் மாற்ற முடியாது. வந்தால் தங்கும்படி ஒன்றும் வைக்காமல் இருக்க முடியும்.

திடீர்னு ஒண்ணு எதிர்ல வந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

நில்லுங்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள், போனை எடுக்காதீர்கள். அது எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்து, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, மெல்லப் பின்னால் நகருங்கள். முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவதுதான் நிறைய இடங்களில் துரத்தலைத் தொடங்கி வைக்கிறது.

இங்கே அடிபட்டவர்களின் கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றே திரும்ப வரும்: அது இருப்பது இவருக்குத் தெரியவில்லை, இவர் வருவது அதற்குத் தெரியவில்லை. பனிமூட்டம், வளைவு, உன்னிப்புதர், தண்ணீர் சத்தம். எதிர்பாராமல் பத்தடி தூரத்தில் சந்தித்துக்கொள்ளும்போது அதற்கும் பயம்தான், பயத்தில்தான் மோதுகிறது. அதனால் சந்திப்பதற்கு முன்பே நம் வருகையைச் சொல்லிவிட வேண்டும். பேசிக்கொண்டே நடங்கள். வளைவில் கை தட்டுங்கள், அல்லது கைத்தடியால் தரையைத் தட்டுங்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் நடக்கப் போகாதீர்கள். பறிக்கும் அக்காக்கள் தேயிலைக்குள் இறங்குவதற்கு முன் ஓரத்தில் நின்று சத்தம் கொடுப்பது இதற்காகத்தான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

காட்டெருமை சாதுவான மாடுதானே? தினமும் பார்க்கிறோம், ஒண்ணும் செய்யறதில்லையே?

ஒன்றும் செய்யாததற்குக் காரணம், அதற்குத் தப்பிக்க வழி இருப்பது. நன்கு வளர்ந்த ஆண் ஒன்று 1000 கிலோவைத் தொடும். அது ஓடி வரும்போது நம்மால் தடுக்க ஒன்றுமில்லை. ஆள் உயர வேலியைச் சாதாரணமாகத் தாண்டும்.

கூட்டமாக மேயும்போது பொதுவாக ஒதுங்கிப் போய்விடும். கவனிக்க வேண்டியது மூன்று நேரம்: தனியாகத் திரியும் ஆண், கன்றுடன் இருக்கும் பசு, மதிலுக்கும் காருக்கும் நடுவே சிக்கிக்கொண்ட எதுவும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தன் உயரத்தைக் காட்டினால், மூச்சை வேகமாகச் சீறி விட்டால், தலையைத் தாழ்த்தினால், அது எச்சரிக்கிறது. அப்போதே விலகிவிடுங்கள். ஒருநாள் பால் வாங்கப் போனபோது, பனியில் தண்ணீர்த் தொட்டி வளைவில் அப்படி ஒன்று என் முன்னால் நின்றது. நான் பின்னால் நகர்ந்து தொட்டிச் சுவருக்கு மறுபுறம் போய் நின்றேன். ஐந்து நிமிஷம் சீறிவிட்டுத் தன் வழியில் இறங்கிப் போனது. தடித்த மரமோ சுவரோ நடுவில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

போட்டோ எடுக்கவேண்டுமென்றால் வீட்டு ஜன்னலிலிருந்து எடுங்கள். நடந்துபோய் எடுக்கும் படம் எதுவும் உயிருக்கு ஈடாகாது. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் நடந்து போவதைப் பார்த்துத்தான் அவர்களும் போகிறார்கள்.

கரடி வந்தா செத்த மாதிரி படுத்துக்கணும்னு சின்ன வயசுல கதை படிச்சிருக்கோம். நிஜமா?

அந்தக் கதையை நம்பி, கரடியைப் பார்த்தவுடன் படுத்துவிடாதீர்கள். முதலில் மேலே சொன்னபடி பின்வாங்குங்கள். நம் ஊர்க் கரடிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. புற்றைத் தோண்டி மூக்கால் உறிஞ்சும்போது அது போடும் சத்தத்தில் நாம் நடந்து வருவது அதற்குக் கேட்பதும் இல்லை. கிட்டே போனபின் திடுக்கிட்டு எழுந்து பாயும். அதனால்தான் இந்த மலையில் நான் அதிகம் பயப்படுவது சிறுத்தைக்கு இல்லை, கரடிக்குத்தான். தாழ்ந்த, அமைதியான குரலில் பேசிக்கொண்டே பின்னால் போங்கள். மரம் ஏறித் தப்பிக்க நினைக்காதீர்கள், உங்களைவிட அது நன்றாக ஏறும்.

பாய்ந்தே விட்டது என்றால் அப்போது மட்டும் படுக்க வேண்டும். குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் அழுத்தி, இரண்டு கையையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். கரடி முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும், அந்த இரண்டையும் காப்பாற்றினால் உயிரும் கண்ணும் மிஞ்சும். அது போய்விட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை எழக்கூடாது.

வீட்டுக்கு வருவதைத் தடுப்பது சுலபம். எண்ணெய், வெல்லம், மாவு இவற்றைப் பின்கட்டில் வைக்காதீர்கள். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைத்த கரடிகள் இந்தப் பக்கம் உண்டு. குப்பையை ராத்திரி வெளியே வைக்காமல் காலையில் வண்டி வரும்போது கொடுங்கள்.

பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு. அடுத்து ஆளைத் தூக்குமா?

நாய் அதற்குச் சுலபமான இரை. நாயைப் பிடித்த சிறுத்தை அடுத்து மனிதனைத் தேடி வரும் என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் நிமிர்ந்து நடக்கும்போது பெரும்பாலான சிறுத்தைகள் நம்மைப் பார்த்து ஒதுங்கித்தான் போகின்றன, நாம் பார்ப்பதற்கு முன்பே. நாயை ராத்திரி உள்ளே விடுங்கள். சங்கிலியில் கட்டி வாசலில் விடுவது அதற்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். கோழிக்கூட்டுக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் மேலேயும் கம்பிவலை வேண்டும், சிறுத்தை கூரை வழியாகவும் இறங்கும்.

நேரில் பார்த்தால் குனியாதீர்கள், உட்காராதீர்கள். கையை உயர்த்தி உங்களைப் பெரிதாகக் காட்டுங்கள், கூட இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், மெல்ல விலகுங்கள். நெருங்கி வந்தால் உரத்த குரலில் கத்தலாம். கரடியிடம் அமைதி, சிறுத்தையிடம் உயரம் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன்.

கருஞ்சிறுத்தை சாதா சிறுத்தையைவிடக் கொடூரமானதாமே?

இல்லை. இரண்டும் ஒரே விலங்கு. தோலில் கருநிறமி கூடுதலாக இருப்பது மட்டுமே வித்தியாசம். நல்ல வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள் அதே புள்ளிகள் தெரியும். ஒரே தாயின் குட்டிகளில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று மஞ்சளாகவும் இருக்கலாம்.

சின்னக் குழந்தைங்க இருக்கற வீடு டீச்சர். என்னதான் செய்யறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எந்த அம்மாவையும் "பயப்படாதே" என்று சொல்லி அனுப்புவதில்லை. வால்பாறையில் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் சிறுத்தையிடம் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரம், வீட்டையொட்டியே தேயிலை, குழந்தை வாசலில் தனியாக. ஆபத்து இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான். சின்னக் குழந்தையின் உயரம் சிறுத்தை வழக்கமாகப் பிடிக்கும் இரையின் உயரம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் குழந்தை தனியாக வெளியே இருக்கக் கூடாது, வாசல்படியில்கூட. கழிப்பறை வெளியே இருந்தால் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு கூடவே போக வேண்டும். வீட்டைச் சுற்றி 30 அடிக்காவது புதரை வெட்டித் திறந்தவெளியாக வையுங்கள். தோட்டத்து நிர்வாகத்திடம் வெளிச்சமும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கேட்டு வாங்குங்கள். இது தாய்மார்களின் கவனக்குறைவால் வருவதில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் நேரமும் இருட்டும் நேரமும் ஒன்றாக இருப்பதால் வருகிறது. லைன் வீடுகளில் யாராவது ஒரு பாட்டியோ அக்காவோ மாலையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நன்றாக நடக்கிறது.

ரோட்டுல யானை நின்னா ஹாரன் அடிச்சா போயிடுமா?

அடிக்காதீர்கள். 100 அடிக்குக் குறையாத தூரத்தில் நிறுத்துங்கள், பின்னால் எடுக்க இடம் இருக்கட்டும், இறங்காதீர்கள், விளக்கை அதன் கண்ணில் அடித்து அடித்து அணைக்காதீர்கள். அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். கூட்டமாகக் கடந்தால், கடைசி யானை போய்விட்டது என்று நினைத்து உடனே கிளம்ப வேண்டாம். குட்டியோ, பின்தங்கிய ஒன்றோ புதருக்குள் நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் வண்டி நுழைந்தால் அதுதான் வினை. இருசக்கர வண்டியில் போகிறவர்கள் தூரத்தில் பார்த்தவுடனேயே திரும்பிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வரும் சாலையிலும், பர்லியாறு வழியாகக் குன்னூர் வரும் சாலையிலும் பலாப்பழ நேரத்தில் யானை நடமாட்டம் கூடும். அந்த மாதங்களில் இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள். பந்திப்பூர் வழியிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வைத்திருப்பது வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைக் குறைக்கத்தான். சுற்றிப் போக நேரமாகிறது என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

யானை துரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடணுமா? இறக்கத்துல அதால ஓட முடியாதாமே?

இறக்கத்தில் யானை நன்றாகவே இறங்கும். நீலகிரிச் சரிவில் அது நடந்த தடத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சை நம்ப மாட்டார்கள். ஓட்டத்தில் நம்மால் அதை ஜெயிக்க முடியாது. பெரிய பாறை, தடித்த மரம், கட்டடம், ஆழமான வெட்டுக்குழி, இப்படி எதையாவது நடுவில் போட்டு அதன் பார்வையிலிருந்து மறைவதுதான் வழி. பையையோ துண்டையோ கீழே எறிந்தால் சில நேரம் அதில் நின்றுவிடும்.

காதை அகல விரித்து, பிளிறி, புழுதி கிளப்பி வருவது பல நேரம் மிரட்டல், பாதியில் நிற்கும். காதைப் பின்னால் ஒட்டி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது நிஜம். ஆனால் அந்த நேரத்தில் இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், எப்படி வந்தாலும் விலகுங்கள். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையிடம் தூரத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, அது இருக்கும் இடத்தை முன்னாலேயே தெரிந்துகொள்வது. வால்பாறையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்று அந்தப் பகுதி மக்களின் போனுக்குத் தகவல் போகும். பாதை ஓரங்களில் சிவப்பு விளக்கு எரியும், அந்த விளக்கை ஊர்க்காரர்களே போன் மூலம் போடுகிறார்கள். அங்கே இதைத் தொடங்கி வைத்த ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் வனஉயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. ஒவ்வொரு மலை ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்காத கூட்டமில்லை.

அக்கா, வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சு. அடிக்கவா, விடவா?

இது மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் தங்கை போன் பண்ணிக் கேட்டது. எங்கள் உயரத்தைவிட அடிவாரத்தில்தான் பாம்பு அதிகம். அடிக்காதீர்கள். அடிக்கவோ பிடிக்கவோ போய்க் கடிபட்டவர்கள் உண்டு. அது இருக்கும் அறையிலிருந்து எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, அடியில் துணியை அடைத்து, ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள். வனத்துறையிடமும் பாம்பு பிடிப்பவர்களின் எண் இருக்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் சமவெளியில் அதிகம் உயிர் எடுப்பவை. சாரைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் விஷமில்லாதவை, ஆனால் அவசரத்தில் அடையாளம் சொல்ல நீங்கள் முயல வேண்டாம். கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அது ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியே தெரியாது, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தானாக மூடுவது, பேச்சு குழறுவது என்று தொடங்கும். வாயுக்கோளாறு என்று நினைத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். செலவில்லாத பாதுகாப்பு.

கடிச்சுட்டா? கட்டு போடறதா, கீறி விடறதா?

இரண்டும் வேண்டாம். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் போகும், கீறினால் ரத்தம் நிற்காமல் போகும். வாயால் உறிஞ்சுவது, கல் வைப்பது, பச்சிலை கட்டுவது எல்லாம் நேரத்தை மட்டும்தான் தின்னும். மோதிரம், கொலுசு, வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிபட்ட காலையோ கையையோ ஆடாமல் வைத்து, அவரை நடக்க விடாமல், 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப்போக வேண்டாம்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளின் விஷத்திலிருந்து செய்வது. அந்த விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் குழிவிரியன்களின் கடிக்கு இந்த மருந்து வேலை செய்வதில்லை. அதனால் மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று அர்த்தமில்லை. வீக்கத்துக்கும் ரத்தம் உறையாமைக்கும் அங்கேதான் வைத்தியம் உண்டு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய ஒன்றாக ஆக்கியது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வந்தால்தான் மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்று தெரியும்.

குரங்குக்கு ஒரு பழம் கொடுத்தா புண்ணியம்தானே?

கொடுப்பவர் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பழம் கொடுத்த இடத்தில் நாளை 20 குரங்கு ரோட்டில் உட்கார்ந்திருக்கும், வண்டியில் அடிபடும், அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். அது எதிர்பார்த்து வந்து கிடைக்காதபோது கடிக்கிறது. குன்னூர் சாலை வளைவுகளில் குட்டியோடு அடிபட்டுக் கிடந்த தாய்க்குரங்கைப் பார்த்த பிறகு நான் இதை யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன்.

கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், இரண்டுமே அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள்.

ராத்திரி மேல் சீலிங்ல யாரோ நடக்கற மாதிரி சத்தம். என்னது?

பெரும்பாலும் மரநாய். பழமும் எலியும் தின்னும், ஆளை ஒன்றும் செய்யாது. பலகைக்கு மேலே குட்டி போட்டிருந்தால் குட்டி வளரும்வரை பொறுங்கள். பிறகு அது வெளியே போயிருக்கும் ராத்திரி நேரத்தில் ஓட்டையை அடையுங்கள்.

தேயிலைக்குள்ள சிறுத்தைக்குட்டி தனியா கிடக்கு. எடுத்துட்டு வந்து வனத்துறைல கொடுக்கலாமா?

தொடாதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும், அல்லது உங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே மறைந்திருக்கும். அந்த இடத்தில் நீங்கள் நிற்பதே ஆபத்து. வந்த வழியே திரும்பி, அந்தப் பகுதியில் பறிப்பை நிறுத்தச் சொல்லி, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாய் ராத்திரி வந்து தூக்கிப் போய்விடும். எடுத்து வந்த குட்டி பிறகு வாழ்நாள் முழுக்கக் கூண்டில்தான் இருக்கும்.

புல்லில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டிக்கும் இதேதான். மணம் வெளியே போகாமல் அசையாமல் கிடக்கும்படி தாய்தான் விட்டுப் போயிருக்கிறது.

மலைத்தேனீ கலைஞ்சு துரத்தினா தண்ணில குதிக்கலாமா?

வேண்டாம், நீங்கள் தலையைத் தூக்கும்வரை அது மேலேயே சுற்றும். இதுவரை ஓடாதீர்கள் என்றேன், இங்கே மட்டும் ஓடுங்கள். சேலைத் தலைப்பாலோ சட்டையாலோ முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடிக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். ஒன்று கொட்டிய இடத்தில் வரும் வாசனை மற்றவற்றையும் அங்கேயே இழுக்கும். கொடுக்குகளை நகத்தால் சீக்கிரம் சுரண்டி எடுங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ 108.

நகம் லேசாத்தான் பட்டுச்சு, ரத்தம்கூட வரலை. ஊசி போடணுமா?

போட வேண்டும். குரங்கு, கீரி, சிறுத்தை, கரடி எதுவானாலும் வெறிநோய்க்கு வாய்ப்பு உண்டு, அந்த நோய் அறிகுறி காட்டிய பிறகு காப்பாற்ற வழியில்லை. முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், சொன்ன எல்லா நாட்களுக்கும் போய் முடியுங்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு ஊசியும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பயிரைக் காப்பாத்த வேலியில கரண்ட் விட்டா என்ன தப்பு? பட்டாசு போட்டாவது துரத்தலாமா?

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றன. மனிதர்களும் மாடுகளும் இதே வேலிகளில் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி வேறு: நொடிக்கணக்கில் விட்டு விட்டு வரும் அதிர்ச்சி, திடுக்கிட வைக்கும், கொல்லாது. அதற்கும் 2023இல் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையிடம் பதிந்துதான் போட வேண்டும். பயிர் போனவருக்கு இழப்பீடு உண்டு, சேதத்தைத் தொடாமல் படம் எடுத்து உடனே வனச்சரகத்தில் எழுதிக்கொடுங்கள்.

பட்டாசும் தீப்பந்தமும் வனத்துறையினர் கையில் இருக்கட்டும். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை மேல் எரியும் டயரை எறிந்தார்கள், காதெல்லாம் வெந்து அது செத்துப்போனது. அந்தக் காட்சியைப் பார்த்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடிபட்டுத் தப்பிய யானையோ காட்டெருமையோ அடுத்த மனிதனைப் பார்க்கும்போது என்ன செய்யும் என்று யோசியுங்கள். அந்த அடுத்த மனிதர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம்.

உயிரைக் காப்பாத்திக்க அடிச்சு, அது செத்துட்டா ஜெயிலா?

தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு தாக்கியது குற்றமாகாது என்று 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மறைக்காமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் ஓடிப்போகும் விலங்கை விரட்டிப் போய் அடிப்பதோ, சுருக்கு வைப்பதோ தற்காப்பு இல்லை.

இவ்வளவு தொல்லை எதுக்கு? மயக்க ஊசி போட்டுத் தூரமா ஒரு காட்டுல விட்டுடலாமே?

ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் வரும் கேள்வி, கேட்பவர்களின் தவிப்பும் நியாயமானது. அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது தமிழ்நாட்டுக்குள் நடந்து வந்து கம்பம் ஊருக்குள்ளேயே புகுந்தது. ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். தெரியாத காட்டில் விட்ட விலங்கு தன் பழைய இடத்தைத் தேடியோ இரையைத் தேடியோ அலையும். போகும் வழியெல்லாம் அதைப் பழகாத ஊர்கள்.

சிறுத்தையில் இன்னொன்று உண்டு. ஒன்றைப் பிடித்துப்போனால் அந்த இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வந்துவிடும், கோழியும் நாயும் குப்பையும் அப்படியே இருப்பதால். பிடித்தே ஆக வேண்டிய நேரங்களும் வரும். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் மக்கள் உயிரிழந்த பிறகு டி23 என்ற புலியை அக்டோபரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதைத் திரும்பக் காட்டில் விடவில்லை, மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியது வனத்துறை. அவர்கள் வரும்போது நாம் செய்யக்கூடிய உதவி, 300 பேர் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்காமல் இருப்பது. சுற்றிலும் ஆள் நின்றால் மயக்கம் ஏறாத விலங்கு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் ஓடும்.

குஞ்சப்பனைல எங்க தோட்டத்துல நாலு பலா மரம். யானை வருதுன்னு வெட்டச் சொல்றாங்க. வெட்டிடட்டுமா?

வெட்ட வேண்டாம். பழுத்த வாசனைக்குத்தான் யானை வருகிறது. வீட்டுக்கு அருகில் உள்ள மரத்தில் காயைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள், பலாக்காய்ப் பொரியல் ஆயிற்று. பறித்த காயை வீட்டுக்குள் குவித்து வைக்காமல் அன்றன்றே விற்றுவிடுங்கள், ஜன்னலை உடைத்து எடுத்துப்போன யானைகள் உண்டு. வீட்டிலிருந்து தள்ளிச் சரிவில் நிற்கும் மரத்தை என்ன செய்வது என்று உங்கள் வனவரைக் கூட்டிவந்து காட்டிக் கேளுங்கள், யானை வரும் தடம் அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் உயரத்தில் பலா இல்லை, பேரிக்காய்தான். என் வீட்டில் இரண்டு மரம். காய்க்கும் மாதத்தில் தினமும் நாலு மணிக்கே கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிவிடுவேன். முன்னெல்லாம் ராத்திரி பத்து மணிக்குக் கரடி வந்து மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கும், நாங்கள் கதவைத் திறக்க முடியாது. இப்போது வந்தால் மோந்து பார்த்துவிட்டு நிற்காமல் சோலைப் பக்கம் போய்விடுகிறது.